அடுக்களையில் வைத்த சுவிட்ச்

மகளின் காலில் தையல் போட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் மேசை என்ற பேச்சே வந்தது. அதுவரை அவள் கார் ஷெட்டின் தரையில் ஒரு கட்டையைப் போட்டு உட்கார்ந்து, மரத்தை இடது காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு கட்டிங் மெஷினை ஓட்டுவாள். இந்தப் பக்கத்தில் பலரும் அப்படித்தான் அறுக்கிறார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் மெஷின் துள்ளிவிட்டது. கணுக்காலுக்கு மேலே வெட்டு. எலும்பில் படவில்லை என்றார் நாகர்கோவில் டாக்டர். ரத்தம் நிற்க அவள் காலில் சுற்றிய துவர்த்துத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். ஆனால் அவளை ஏற்றிக்கொண்டு போன காரின் கதவைத் திறந்தால் பின்சீட்டைப் பார்க்காமல் இருக்க இன்றும் முடியவில்லை.

என் மனைவி வளைகுடாவில் நர்ஸ். வீடியோ காலில் தையலைப் பார்த்து, நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் இப்படி வெளிறிப் போய் இருக்கிய? அவளை மரவேலை செய்யாண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க. நின்னு செய்யதுக்கு ஒரு மேசை போட்டுக் குடுங்க."

நான் அதற்குள் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மெஷினை பீரோவில் வைத்துப் பூட்டியும் விட்டிருந்தேன். "அப்பம் நான் மார்த்தாண்டத்துல பட்டறைக்குப் போறேன். எடம் தாறோம்னு சொல்லியிருக்காவ" என்றாள் மகள். பெங்களூர் வேலையை விட்டு வந்து, பிள்ளைகளுக்கான படிப்பு மேசையும் அலமாரியும் செய்து விற்கத் தொடங்கியிருந்தாள். பட்டறையில் ஒன்றுக்கு நாலு மெஷின் ஓடும். கூப்பிட்ட குரலுக்கு நான் இருக்க மாட்டேன். அவளை வீட்டிலேயே இருத்திக்கொள்ளத்தான் அந்த மேசைக்குச் சம்மதித்தேன்.

பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் அவளே வரைந்தாள். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருமோ அந்த உயரம். கீழே இரண்டு இழுப்பறை, மெஷின் வைக்கப் பூட்டுள்ள ஒரு தட்டு, சுவரோரம் ஆணியும் ஸ்குரூவும் போட அவள் அம்மா கொண்டுவந்த பால்பொடி டின்கள். காற்றில் விழுந்த அயினி மரத்தை அறுத்த பலகைகள் கிடந்தன. ஷெட்டில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளைக் கொடியோடு மாற்றினோம். கார் வெளியே படுதாவுக்குள் போனது.

மேசை போடும் இடத்தை மட்டும் நான் சொன்னேன். அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே.

"அங்கதான் வெளிச்சம் நல்லா வரும்."

"வெளிச்சத்துக்கா, என்னைப் பாக்கதுக்கா?" என்று சிரித்தாளே தவிர மறுக்கவில்லை.

மெஷின் இல்லாமல் கைவாளாலேயே எல்லாவற்றையும் அறுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். மறுநாள் கரும்பலகையில் எழுதத் தோள் தூக்காது.

வயர் இழுக்க வந்தவர் சுவிட்சை எங்கே வைப்பது என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் கிணற்று மோட்டாருக்கு சுவிட்ச் அடுக்களையில்தான் இருக்கும். அதன் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன்.

"மேசைக்கு உள்ள சுவிட்ச் அடுக்களையிலயா? சார் என்ன, சட்னி அரைக்கப் போறியளா?"

"பிள்ளை உள்ள வீடுல்லா."

"பிள்ளைக்கு இருபத்தி நாலு வயசு ஆச்சு சார்" என்றார். ஆனாலும் வைத்துக் கொடுத்தார்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மெஷினை எடுத்துக் கொடுத்தேன். ஷூ போட்டுக்கொண்டு வந்து பிளக்கைச் சொருகினாள். கரண்ட் இல்லை. அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த நான் ஜன்னல் வழியே கையைக் காட்டிவிட்டு சுவிட்சைப் போட்டேன். அவள் மெஷினைத் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து அடுக்களைக்கு வந்தாள். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு வெள்ளை சுவிட்சுகளையும் பார்த்தாள்.

"இனி நான் உங்ககிட்ட கரண்ட் கேட்டு வாங்கணுமா?"

"கேட்டா கொறஞ்சா போவ?"

சண்டை வரும், மார்த்தாண்டம் வரும் என்று காத்திருந்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

"நான் அங்க பிளேடு மாத்திட்டு நிக்கேன்னு வச்சுக்கிடுங்க. இங்க டேங்குல தண்ணி இல்லைன்னு நீங்க மோட்டார் போட வாறிய. கை மாறிச்சுன்னா?"

ஆஸ்பத்திரியில் தையல் முடியும்வரை நின்றே இருந்தவன், இப்போது மீன் கையோடு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"வெப்ராளப்படாதீங்கப்பா. ஒண்ணும் நடக்கல்லல்லா."

அன்று சாயங்காலமே வயரிங்காரரைத் திரும்ப வரவழைத்தேன். இப்போது சுவிட்ச் மேசையின் முன்கட்டையில், அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. தட்டின் சாவியையும் அவள் கேட்காமலே கொடுத்துவிட்டேன். அவள் மார்த்தாண்டம் போகவில்லை.

மெஷின் ஓடும்போது என்னால் காய் நறுக்க முடிகிறது. நின்றுவிட்டால்தான் முடியவில்லை.

"மக்கா?" என்று ஜன்னலில் இருந்து கூப்பிடுவேன்.

"பத்து வெரலும் இருக்கு. வந்து எண்ணிப் பாக்கியளா?"

போவதில்லை. மறுபடி அந்தச் சத்தம் தொடங்கும்வரை அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டு அங்கேயே நிற்கிறேன்.