ஓரகத்திகள் ஓடிய பந்தயம்

மாரீஸ்வரிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சின்னமனூர் உரக்கடையில் முதலாளி அவளுக்கென்று வாங்கிப்போட்ட ஸ்டூலில் எப்போதும் ஏதாவது அட்டைப்பெட்டிதான் இருக்கும். சுமை இறக்க ஆள் வரத் தாமதமானால் மூட்டையைத் தானே தூக்கிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். அவள் கணவர் முத்துக்குமரன் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் தட்டு கழுவப்பட்டிருக்கும்.

முப்பத்தாறு வயதில் அவள் ஜிம்முக்குப் போனது உடம்பு இளைக்க அல்ல. உள்ளே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது, அதை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. அங்கே பயிற்சி கொடுத்த திலீபன்தான் கோயம்புத்தூரில் நடக்கும் ஜோடிப் பந்தயத்தைப் பற்றிச் சொன்னான். எட்டு முறை ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு வலு வேலை இருக்கும். எடை ஏற்றிய இரும்புச் சட்டத்தைத் தள்ளுவது, கயிறு கட்டி இழுப்பது, இரு கையிலும் பளு பிடித்து நடப்பது, மணல்மூட்டையைத் தோளில் போட்டு முழங்கால் மடித்து மடித்துப் போவது, கடைசியில் கனத்த பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பது என்று வரிசையாக வரும். ஓட்டத்தில் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். வலு வேலையை மட்டும் எப்படி வேண்டுமானாலும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒருத்தி செய்யும்போது மற்றவள் நிற்கலாம்.

ஜோடிக்கு ஆள் வேண்டும். ஜிம்முக்கு வந்த பெண்களில் அதற்குத் தோதாக இருந்தவள் ஹேமாவதி ஒருத்திதான். முத்துக்குமரனின் தம்பி சுரேஷ்கண்ணனின் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாமியார் கருத்தம்மாள் இறந்த வருஷமே அண்ணன் தம்பி இருவரும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் பிரித்துக்கொண்டார்கள். கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது. அதிலிருந்து ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு கிடையாது.

திலீபன் தயங்கித் தயங்கித்தான் கேட்டான். ஹேமாவதி சற்று யோசித்துவிட்டு, "ஓடுறதுக்குப் பேச வேண்டியது இல்லையே" என்றாள்.

அப்படித்தான் பயிற்சி செய்தார்கள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லாமல்.

கோயம்புத்தூரில் விசில் ஊதியதும் மாரீஸ்வரி பாய்ந்தாள். ஹேமாவதியை எல்லாத் திருப்பத்திலும் திரும்பிப் பார்த்து, "வா வா" என்று கையை ஆட்டிக்கொண்டே ஓடினாள். இரும்புச் சட்டத்தைக் கோட்டின் முனைவரை தானே தள்ளினாள். "குடுங்கக்கா" என்று ஹேமாவதி பக்கத்தில் வந்தபோது, "இரு, முடிச்சிடுறேன்" என்றாள். கயிறு இழுக்கும்போதும் அதையே சொன்னாள். பளு தூக்கி நடக்கையில் அவள் விரல்கள் தாமாகவே விரிந்துகொண்டன. கடைசியில் பந்து எறியும்போது தொடை நடுங்கி, சரியாகக் குனிய முடியவில்லை. நடுவர் எறிதலை எண்ணாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஹேமாவதி கேட்கவே இல்லை, பந்தைப் பிடுங்கி மீதியை எறிந்து முடித்தாள். அவளுக்கு மூச்சுகூடப் பெரிதாக வாங்கவில்லை. அதைத்தான் மாரீஸ்வரியால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் எல்லைக்கு வந்தபோது பின்னால் சில ஜோடிகளே மிச்சம்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் ஹேமாவதி ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் அங்கன எதுக்கு வந்தேன்? வேடிக்கை பாக்கவா?"

"ஒனக்குக் கஷ்டம் குடுக்க வேணாம்னுதான்."

"அத்தை படுக்கையில கெடந்தப்பவும் இதத்தான சொன்னீங்க. குளிப்பாட்ட வந்தா, நான் பாத்துக்கிறேன் போ. கஞ்சி கொண்டாந்தா, வச்சிட்டுப் போ. ஊருக்குள்ள என்ன சொன்னாக தெரியுமா? சின்ன மருமக மாமியாளத் தொட்டுக்கூடப் பாக்கலைன்னு சொன்னாக. என் வீட்டுக்காரரும் அத நம்புனாரு."

தேனி வரும்வரை மாரீஸ்வரி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அதன்பின் கொஞ்ச நாள் அவள் ஜிம்முக்குப் போகவில்லை. கடையில் பில் தப்பாகப் போட்டாள். யூரியா கேட்டவருக்குப் பொட்டாஷ் எடுத்துக் கொடுத்தாள். மாமியாருக்குத் தான் செய்ததெல்லாம் பாசத்தில் செய்தது என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், அந்தக் கட்டிலருகே சும்மா நிற்கத் தன்னால் முடியாமல்தான் அத்தனையும் செய்தோமோ என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது, வாசலைத் திரும்பவும் கூட்டுவாள்.

ஒரு சாயங்காலம் சுவரைச் சுற்றி அந்தப் பக்கத்து வாசலுக்குப் போனாள். ஹேமாவதி பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"காலையில வாய்க்கா கரைக்கு ஓட வாறியா?"

ஹேமாவதி தாளிலிருந்து தலை தூக்கவில்லை. "முன்னாடி நான்தான் ஓடுவேன். நீங்க தாண்டக் கூடாது."

"சரித்தா."

ஆடிக் காற்று பள்ளத்தாக்கு முழுக்க அடித்த மாதம் அது. தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஹேமாவதி ஒரே சீராக ஓடினாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஓடுவது மாரீஸ்வரிக்குச் சித்திரவதை. கால்கள் முந்தச் சொல்லி அரித்தன. இரண்டு தடவை தாண்டியும் விட்டாள். ஹேமாவதி திட்டவில்லை, அப்படியே நின்றுகொண்டாள். இவள்தான் திரும்பி வர வேண்டியிருந்தது. ஆனால் ஓடி முடித்த கையோடு ஜிம்முக்குப் போய்ச் சட்டத்தைத் தள்ளத் தொடங்கியபோது, தன் தொடையில் இன்னும் தெம்பு மிச்சமிருப்பதை மாரீஸ்வரி முதன்முறையாக உணர்ந்தாள்.

திலீபன் இருவரையும் கவனித்துவிட்டு, "களைச்ச பொறவு மாத்துனா ரெண்டு பேருக்கும் நட்டம்க்கா. தெம்பு இருக்கப்பவே மாத்திரணும்" என்றான். அதனால் எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பங்காக உடைத்தார்கள். வேலையைச் செய்கிறவள் "மாத்து" என்றதும் மற்றவள் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவரை தொடக் கூடாது. ஹேமாவதிக்கு இது சுலபமாக வந்தது. மாரீஸ்வரிக்குத் தூக்குவது கஷ்டமில்லை. சும்மா நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கைகளை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை. இடுப்பில் வைப்பாள், கட்டிக்கொள்வாள், கொண்டையை அவிழ்த்து முடிவாள்.

"மூச்சு விடுங்க. இந்த நேரத்துக்கு அதுதான் ஒங்க வேலை" என்றாள் ஹேமாவதி.

அடுத்த பந்தயம் மதுரையில். ஹேமாவதி முன்னே, மாரீஸ்வரி பின்னே. முதல் இரண்டு ஓட்டத்தில் பலர் அவர்களைத் தாண்டிப் போனார்கள். மாரீஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு ஓரகத்தியின் குதிகாலை மட்டும் பார்த்தாள். நாலாவது ஓட்டத்தில் தாண்டிப் போனவர்கள் ஒவ்வொருவராக நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

மணல்மூட்டையோடு போகையில் ஹேமாவதியின் முழங்கால் தரையில் அழுத்தமாக உராய்ந்து ரத்தம் கசிந்தது. மாரீஸ்வரியின் கை மூட்டையைப் பிடித்தே விட்டது.

"நான் மாத்துன்னு சொல்லலையே" என்றாள் ஹேமாவதி.

மாரீஸ்வரி கையை எடுத்தாள். பக்கத்திலேயே நடந்தாள். ஓரகத்தி வலியோடு குனிந்து எழுவதை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு வந்த அந்தத் தூரம்தான், அன்றைய எல்லா ஓட்டத்தையும்விட அவளுக்கு நீளமாக இருந்தது. பிறகு "மாத்து" என்ற சொல் வந்தது. மூட்டை தோள் மாறியது.

பந்து எறியும்போது மாரீஸ்வரியின் தொடை மறுபடியும் நடுங்கத் தொடங்கியது. இம்முறை அவளே "மாத்து" என்றாள். மேடை ஏறும் இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் போன தடவையைவிடக் கால் மணி நேரத்துக்கும் மேலே குறைத்திருந்தார்கள். எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஹேமாவதி முழங்காலை ஊதிக்கொண்டாள்.

"கயிறு இழுக்கிறப்ப நான் கூடக் கொஞ்சம் இழுத்துட்டேன்" என்றாள் மாரீஸ்வரி.

"பாத்தேன்."

கருத்தம்மாளின் திதி அடுத்த மாதம் வந்தது. சுவர் எழுந்ததிலிருந்து இரண்டு வீட்டிலும் தனித்தனியாகத்தான் படையல் போட்டுவந்தார்கள். இந்த வருஷம் மாரீஸ்வரி தன் வீட்டு அடுப்பில் உலை வைக்கவில்லை. முத்துக்குமரனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துக்கொண்டிருக்க, சின்ன மருமகள்தான் சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், இலை போட்டாள்.

மாரீஸ்வரி கூடத்தில் பாய் மீது உட்கார்ந்திருந்தாள். நடுவில் மூன்று தடவை எழுந்து அடுப்படி வாசல்வரை போனாள். மூன்று தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.