அகழிக்குள்ளிருந்து வந்த அளவுகள்

இது ஹில்டாவுக்கு நடந்தது. அவள் அன்று எழுதிய நோட்டை நானே புரட்டிப் பார்த்திருக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

இங்கிலாந்தில் சஃபோக் பக்கம், ஒரு பீட்ரூட் வயலின் நடுவே, எழுநூறு வருடங்களுக்கு முன்பு ஒரு பிரபுவின் மாளிகை இருந்தது. இன்று அங்கே புல் மூடிய ஒரு மேடும், அதைச் சுற்றி வறண்டுபோன அகழியும்தான் மிச்சம். மேட்டை இடித்துச் சமமாக்க நிலக்காரர் நாள் குறித்துவிட்டார். அளந்து தொல்லியல் துறைக்கு வரைபடம் கொடுத்தால் ஒருவேளை தடுக்கலாம். அதற்காகத்தான் ஹில்டாவும் நெவிலும் பிப்ரவரிக் குளிரில் வந்திருந்தார்கள். அவள் தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவன் பஸ் ஓட்டியவன். பழைய இடங்களை அளப்பது இருவருக்கும் பொழுதுபோக்கு.

கரையோரம் நீளமாக ஒரு டேப். அதற்கும் அகழிக்கும் நடுவே, கரை விளிம்பில், ஹில்டா மடக்கு நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். நெவில் இன்னொரு டேப்போடு அகழிக்குள் இறங்கி, கரை டேப்பில் எத்தனையாவது மீட்டர், அதிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்று இரண்டு எண்களைக் கத்துவான்.

"பதினாலு, மூணரை! கோழி கிண்டின மாதிரி எழுதாத ஹில்டா!"

"உன் பஸ்ஸு மாதிரி லேட்டா வராம சீக்கிரம் சொல்லு!"

மூன்று மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

3:12. குரல் வந்தது.

"இருபத்தொண்ணு... ஒண்ணு."

எழுதினாள். கிண்டல் ஏதும் இல்லை. குளிரில் அலுத்துவிட்டான் போல.

3:14.

"இருபத்திமூணு... ஒண்ணு."

கூடவே ஒரு சத்தம். சளக்... தண்ணீரில் கால் வைத்தது போல.

அகழியில் ஏது தண்ணீர்?

"நெவில், விழுந்துட்டியா?"



3:17.

"இருபத்திமூணு... ஒண்ணு புள்ளி ஆறு."

இப்போது பக்கத்தில். சளக்... சளக்...

3:19.

"இருபத்தொண்ணு... ஒண்ணு புள்ளி ஆறு."

கரைக்கு நேர் கீழே.

அவள் தோளில் ஒரு கை விழுந்தது. அலறித் திரும்பினாள்.

நெவில். கையில் ஃபிளாஸ்க்.

"டீ எடுக்க காருக்குப் போறேன்னு கத்திட்டுத்தானே போனேன்? காதுல விழலையா? ஆமா, யாருகிட்ட பேசிட்டிருக்க?"

அவள் அகழியைக் கைகாட்டினாள்.

அப்போது கீழேயிருந்து... நெவிலின் அதே குரல்...

"எழுதிட்டியா?"

நெவிலின் கையிலிருந்து ஃபிளாஸ்க் நழுவியது.

ஓடினார்கள்.

நாற்காலி, டேப் எல்லாம் அங்கேயே.

ஒரு வாரம் கழித்துத்தான் ஹில்டா நோட்டைத் தொட்டாள். அந்த நான்கு புள்ளிகளையும் தாளில் குறித்துச் சேர்த்தாள். ஒரு நீள்சதுரம். நீளம் இரண்டு மீட்டர். அகலம் அறுபது சென்டிமீட்டர்.

அவள் நாற்காலி போட்டிருந்த இடம்.

அகழாய்வு செய்யும் பெண் ஒருத்தி அங்கே தோண்டிப் பார்த்துவிட்டு, அன்று மாலையே போன் செய்தாள்.

"நீங்க கொடுத்த அளவு அப்படியே சரியா இருக்கு. மாளிகை காலத்துக் குழிதான். ஒரு ஆளைப் படுக்க வைக்கிற அளவுக்கு வெட்டி, திரும்ப மூடியிருக்காங்க. ஆனா உள்ள ஒரு எலும்புகூட இல்ல. அந்தக் குழியில இதுவரைக்கும் யாரையும் வைக்கல."