செங்காந்தள் வாளி

அத்தை கணவர் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது கொண்டுவந்தவை மூன்று: ஒரு பெட்டி, ஒரு தையல் மெஷின், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கிழங்கு. கிழங்கு இரண்டு விரல்களை விரித்தாற்போல் கவை பிரிந்திருந்தது. அந்த வீட்டின் பின்வேலியில் தானாக முளைத்துக் கிடந்த செடியாம்.

அவர் அப்பாவின் தங்கை. எனக்கு அப்போது பத்து வயது. வந்த இரண்டு மாதம் அத்தை சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். அம்மா வைக்கிற சாப்பாட்டுத் தட்டு பெரும்பாலும் வைத்தபடியே திரும்பும். ஆனி மாதத்தில் ஒரு நாள் எழுந்து, ராஜா அண்ணாமலைபுரத்து எங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடிக்குப் போய், விளிம்பு உடைந்த பெயின்ட் வாளியில் மணல் கலந்த மண் நிரப்பி, கிழங்கைப் படுக்கவைத்துப் புதைத்தார். அன்று இரவு இரண்டு தோசை சாப்பிட்டார் என்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

ஆடி மழையில் முளைத்தது. இலைகளின் நுனியே சுருண்டு கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. ஐப்பசியில் பூத்தது. பூ தலைகீழாகத் தொங்கியது. இதழ்கள் மட்டும் மேல்நோக்கி வளைந்திருந்தன. முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் முழுச் சிவப்பு. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தி. நகரில் பாத்திரக்கடை. ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் இருவரும் கடைத்தெருவிலேயே வளர்ந்தவர்கள். அண்டாவைக் கையில் தூக்கியே எடை சொல்வார்கள், ஆனால் வேலியோரச் செடி எதுவும் தெரியாது. மாநில மலர் நம் வீட்டு மாடியில் பூத்திருக்கிறது என்பதே அவர்களுக்குப் பெருமையாக இருந்தது.

தை மாதம் தண்டு காய்ந்து விழுந்தது. மாடிக்கு வந்த வாட்ச்மேன், "இன்னாம்மா, செடி பூட்ச்சு. பக்கெட்ட தூக்கிப் போட்றவா?" என்றார்.

"சாகலண்ணே, தூங்குது. ஆடிக்கு எந்திரிச்சிரும்."

அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது, விட்டால் அழுகிவிடும் என்றார் அத்தை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு மதியம் தனியாகப் போய்க் கையால் தோண்டிப் பார்த்தேன். பழைய கிழங்கு சக்கையாகச் சுருங்கியிருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று, முன்னதைவிடப் பருமனாக. திரும்ப மூடிவிட்டு, பையிலிருந்து முறுக்கை எடுத்தேன்.

பின்னாலிருந்து அத்தை முறுக்கைத் தட்டிவிட்டார். குழாயடிக்கு இழுத்துப்போய் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார். "வெசம்ல அது! வாயில கைய வச்சியா? உண்மையச் சொல்லு, வச்சியா?"

வைக்கவில்லை என்றேன். முந்தானையால் என் கைகளைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "நீ தோண்டுனத நான் சொல்ல மாட்டேன். வெசம்னு நீயும் கீழ சொல்லிராத, என்ன? தெரிஞ்சா வாளியத் தூக்கிப் போட்ருவாவ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா சாப்பிட வந்திருந்தார். அத்தை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, வெறும் மண்ணுக்குக் காவல் இருக்கியாமே. உள்ள என்ன, பொதையலா?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

"உள்ள கிழங்கு இருக்கு பெரியப்பா. பயங்கர விஷம்."

"யாருலே சொன்னா?" என்றார் அப்பா.

"அத்தைதான். வீட்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க."

பெரியப்பாவின் கை இலையிலேயே நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"பூவுக்குத்தாண்ணே வச்சிருக்கேன்," என்றார் அத்தை.

பின்னாளில் பல வருடம் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். இன்று பார்த்தாலும் நான் சொன்ன இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒன்று இருந்தது: நான் கிழங்கைத் தோண்டினேன், அதனால்தான் அத்தை சொன்னார். அதைச் சொன்னால் அடி விழும். சொல்லவில்லை. அத்தை ரசக் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அப்பளத்தை நொறுக்கினேன். அவரும் அதைச் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் வாளி குப்பை வண்டிக்குப் போனது. அந்த வாரம் ஆசாரி வந்து அத்தையின் அறையிலும் குளியலறையிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். துருப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். தையல் கத்தரிக்கோல் அம்மாவின் பீரோவுக்குள் போனது. எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. "அத்தை மாடிக்குப் போனா நீயும் கூடப் போ. என்ன பண்றாங்கன்னு வந்து சொல்லு," என்றார் அம்மா. பெரியவர்கள் வேலையை என்னை நம்பிக் கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம்.

முதல் நாள் அத்தை மாடியில் வாளி இருந்த இடத்தில் போய் நின்றார். தரையில் வட்டமாக ஒரு மண்தடம் இருந்தது.

"படிக்கலியா நீ?"

"உங்ககூடவே இருக்கச் சொன்னாங்க."

தலையாட்டினார். "வெயில்ல நிக்காத. தண்ணித் தொட்டி நெழலுக்கு வா," என்றார்.

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன்: "ஒண்ணும் பண்ணலம்மா. வாளி இருந்த எடத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க."

அம்மாவின் முகம் மாறியது. உடனே கடைக்குப் போன் செய்தார். அன்றிலிருந்து அத்தை மாடிக்குப் போகவே கூடாது என்றானது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பார்த்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்தானே சொல்லியிருந்தேன்.