க்ரிம்ஷா வீட்டு ஜன்னல்

ஐவி ஸ்டாக்டேல் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். தினமும் இருநூற்றிருபது பிள்ளைகளுக்குக் கஸ்டர்ட் ஊற்றியிருக்கிறாள். ஒரு நாளும் ஒரு கரண்டி கூடவோ குறையவோ ஆனதில்லை. தோர்ன்பெக்கில் பாதி ஊர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்ததுதான். நல்ல மனுஷி, ஆனால் அவளிடம் வாலாட்டக் கூடாது என்பது உள்ளூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் க்ரிம்ஷா வெளியூரான். அவனுக்குத் தெரியவில்லை.

க்ரிம்ஷா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேதம் அளந்து ஓய்வுபெற்றவன். அளவு டேப்பைக் கோட்டுப் பையிலேயே வைத்திருப்பான். குப்பைத் தொட்டியை யார் ஒரு நாள் முன்னதாக வெளியே வைத்தார்கள், யார் வீட்டு நாய் எங்கே கால் தூக்கியது, எல்லாவற்றுக்கும் கடுதாசி போடுவான். அவனை 'அவர்' என்று சொல்ல அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் நாக்கு எழாது.

ஐவியின் கணவன் வில்ஃப் பஸ் டிரைவராக இருந்தவன். போன குளிர்காலத்தில் அவனுடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இப்போதைக்கு வண்டி ஓட்டலாம். அக்டோபர் கடைசியில மறுபடி பாத்து முடிவு பண்ணுவோம்" என்றார். அவர் என்ன முடிவு பண்ணுவார் என்று வில்ஃபுக்குத் தெரிந்துவிட்டது. ஆயுசு முழுக்க ஒரே பதினாலு மைலைச் சுற்றிச் சுற்றி ஓட்டியவனுக்கு, ஸ்காட்லாந்தின் வடகோடிக் கடற்கரை வரை ஒருதடவை தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. அடுப்பு, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ள பழைய கேரவன் வண்டி ஒன்றை வாங்கினார்கள். ஐவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பஸ் டிரைவர் பெண்டாட்டி எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?

ஏப்ரலில் வண்டி வீட்டுக்கு வந்தது. வீட்டுப் பக்கவாட்டில்தான் நிறுத்த இடம். ஆனால் அவர்கள் வாசலில் நடைபாதை ஓரக்கல் உயரமாக நின்றது. வில்ஃப் இரண்டு பலகையைச் சாய்த்துப் போட்டு வண்டியை ஏற்றப் பார்த்தான். பலகை வழுக்கி, முழங்கால் அடிபட நடைபாதையில் விழுந்தான். க்ரிம்ஷா தன் வாசலில்தான் நின்றிருந்தான். கை கொடுத்துத் தூக்கினானா? இல்லை. போட்டோ எடுத்தான்.

மறுவாரம் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. ஓரக்கல்லைத் தாழ்த்த அனுமதி வாங்காமல் நடைபாதை மேல் வண்டி ஏற்றக் கூடாதாம். சட்டம் அதுதான், குறை சொல்ல முடியாது. அன்றைக்கே கடுதாசி போடும் கதவுத் துளை வழியாக அந்தப் போட்டோவும் வந்து விழுந்தது. பின்னால் அழகான கையெழுத்தில், 'உங்கள் பார்வைக்கு. அக்கறையுடன், டி. க்ரிம்ஷா.'

நாலு காலில் கிடக்கும் தன் புருஷனை ஐவி வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்தப் போட்டோவை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

"அதக் கிழிச்சுப் போடேன், கண்ணு" என்றான் வில்ஃப்.

"கிழிக்க மாட்டேன். தெனம் பால் எடுக்கறப்ப எனக்கு இது ஞாபகம் வரணும்."

வண்டியைப் பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு பண்ணையில் விட்டார்கள். "அங்கேருந்தே கெளம்பிடலாமே, ஐவி" என்று வில்ஃப் இரண்டு தடவை கேட்டான்.

"திருட்டு வண்டியா அது, ஒளிச்சு வச்ச எடத்துலேருந்து கெளம்ப? நம்ம வாசல்லேருந்துதான் போகணும். அந்தக் கம்மனாட்டி ஜன்னல்ல நின்னு பாக்கணும்."

அவள் விண்ணப்பம் போட்டாள். வீட்டுக்கு முன்னால் ஓடுவது பெரிய சாலை என்பதால் அக்கம்பக்கத்தாரிடமும் நகராட்சி கருத்துக் கேட்கும். அளக்க வந்த பெண் ஐவி வீட்டுச் சுவரிலிருந்து க்ரிம்ஷாவின் செடிவேலி வரை டேப்பைப் பிடித்தாள். இரண்டு மீட்டர் அறுபது.

"மூணு மீட்டராவது வேணும்மா. நாப்பது சென்டிமீட்டர் கொறையுது. எனக்கே சங்கடமா இருக்கு" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோலோடு நின்ற க்ரிம்ஷா காதில் அது விழுந்தது. "அடடா, மிஸஸ் ஸ்டாக்டேல்! நாப்பதே நாப்பது சென்டிமீட்டர்ல போயிடுச்சே! என்ன பண்றது, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்றான். ஐவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உருளைக்கிழங்கு மசித்தாள். இரண்டு பேருக்குப் பதினாறு பேர் அளவு மசித்தாள்.

அத்தோடு அவன் சும்மா இருந்திருக்கலாம். கேஸ் அவன் பக்கம்தானே இருந்தது! ஆனால் ஆட்சேபணை எழுதாமல் இருந்தால் அவன் க்ரிம்ஷாவே இல்லை. நாலு பக்கம் எழுதினான். கூடவே கறுப்பு மையில், அளவுகோல் வைத்து, ஒரு வரைபடமும் போட்டான். ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால் அவனுக்கு அது வரைபடமே ஆகாது. அதனால் இரண்டு பக்கமும் அளந்து எழுதினான். ஸ்டாக்டேல் சுவரிலிருந்து வேலி வரை 2.60. வேலியிலிருந்து க்ரிம்ஷா சுவர் வரை 3.40. கீழே கையெழுத்து, தேதி.

ஆட்சேபணைகளை யாரும் பார்க்கலாம். ஐவி நூலகத்துக்குப் போய்ப் பிரதி எடுத்து வந்து, அடுக்களை மேஜையில் விரித்து, டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் வீட்டுப் பத்திரம். பத்திரப்படி இரண்டு சுவருக்கும் நடுவே ஆறு மீட்டர், ஆளுக்கு மூன்று. கரண்டி கூடக் குறைய விடாதவளுக்கு இந்தக் கணக்கா பிடிபடாது?

"வில்ஃப்! எட்டு வருஷத்துக்கு முன்னாடி நாம ஒரு வாரம் கடற்கரைக்குப் போயிருந்தப்பதானே அவன் பழைய மரவேலியப் பிடுங்கிட்டு இந்தச் செடிய நட்டான்?"

"ஆமா. வந்து பாத்து, அழகாத்தான் இருக்குன்னு நீயே சொன்னே."

"நம்ம எடத்துல நட்டிருக்கான், பாவி! தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கான்!" ஐவி சிரித்த சிரிப்பில் டீ சிந்திற்று.

வரைபடத்தின் பிரதியையும் பத்திரத்தின் பிரதியையும் நகராட்சிக்கு ஒன்று, க்ரிம்ஷாவுக்கு ஒன்று அனுப்பினாள். அவனுடைய உறையின் மேல் அவளும் அழகாகவே எழுதினாள்: 'உங்கள் பார்வைக்கு. அக்கறையுடன்.'

அவன் வக்கீலிடம் ஓடினான். வக்கீல் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இதைப் போட்டது யார் என்று கேட்டாராம். மூக்கறுபட்டுத் திரும்பியவன் கடைசியாகப் பறவையைப் பிடித்தான். வேலிக்குள் குருவி கூடு கட்டியிருக்கிறது, ஆகஸ்ட் முடியும் வரை வெட்டக் கூடாது என்றான். அதுவும் உண்மைதான். கோடை முழுக்கப் பறவைக்குப் போயிற்று. வில்ஃபின் நடுக்கம் இடது கைக்கும் வந்தது.

செப்டம்பரில் வேலி விழுந்தது. ஐவி வெளியே நாற்காலி போட்டு, டீக் குடுவையோடு உட்கார்ந்து, கடைசி வேர் வரை பார்த்தாள். அடுத்த வாரம் நகராட்சி அனுமதியோடு ஆட்கள் வந்து ஓரக்கல்லைத் தாழ்த்தினார்கள். அரை நாள் வேலை. அன்று சாயங்காலமே வில்ஃப் வண்டியைக் கொண்டுவந்து, ஒரே திருப்பில் உள்ளே நிறுத்தினான். மூன்று மீட்டர் உயர வண்டி, க்ரிம்ஷா சாப்பாட்டு அறையின் ஒரே ஜன்னலை அப்படியே மறைத்தது. மறுநாள் காலையில் அவன் விளக்குப் போட்டு முட்டை சாப்பிட்டான். ஐவிக்கு வயிறு குளிர்ந்தது.

வில்ஃப் பூட்ஸைத் துடைத்து வைத்தான். ஸ்காட்லாந்துச் சாலை வரைபடங்களை மடித்து வைத்தான். "திங்கக்கெழம கெளம்பலாமா?"

"கெளம்பலாம், கெளம்பலாம்."

ஞாயிற்றுக்கிழமை க்ரிம்ஷா பிஸ்கட் டப்பாவோடு வந்து நின்றான். முகம் தொங்கியிருந்தது. "ஊருக்குப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். எப்பன்னு தெரிஞ்சுக்கலாமா? வீட்டுக்குள்ள பகல்லயே இருட்டா இருக்கு, அதான்."

மறுநாள் கிளம்பத்தான் இருந்தார்கள். அவன் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால்!

"அப்படி ஒண்ணும் அவசரம் இல்ல, மிஸ்டர் க்ரிம்ஷா" என்றாள் ஐவி.

திங்கள் அடுத்த திங்களாயிற்று. மழை என்றாள், முதுகுவலி என்றாள். தினமும் காலையில் அந்த விளக்கு எரிவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு ரொட்டி இறங்கியது. வில்ஃப் கேட்பதை நிறுத்திக்கொண்டான்.

அக்டோபர் கடைசியில் டாக்டர் பார்த்தார். வில்ஃப் பஸ்ஸில் திரும்பி வந்தான், பயணியாக. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, வெளியே போய் வண்டியில் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தான்.

ஐவி டீ எடுத்துக்கொண்டு போனாள். அவன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். பிடித்திருக்கும்போது கை நடுங்கவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடிக்கு அப்பால் க்ரிம்ஷா பட்டப்பகலில் விளக்கடியில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

"இனிமே எதுக்கு இது? வித்துடலாம், ஐவி."

ஐவி அந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள்: "வேணாம். வித்துட்டா அவன் வீட்டுக்கு வெளிச்சம் வந்துடும்."

அவள் நீட்டிய டீயை வில்ஃப் வாங்கிக்கொள்ளவில்லை.