முதலாளி என்ற கட்டம்

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். திருப்பரங்குன்றத்தில் அண்ணனும் தம்பியும் நடத்திய பாத்திரக்கடைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் செய்துகொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. எழுதத் தொடங்குமுன், கடையில் யார் யார், அவரவர் பொறுப்பு என்ன என்று கேட்டுக் கட்டம் கட்டமாக வரைந்துகொள்வது எங்கள் முறை.

முதலாளி, வேலையாள், வாடிக்கையாளர் என்று வரைந்துவிட்டு, "சரக்கு வாங்குற முடிவை எடுக்கிறது யாருங்க?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா" என்றார் அண்ணன். அவர் சாயங்காலம் மட்டும் வருபவர். நாள் முழுக்கக் கடையைப் பார்த்துக்கொண்டவர் தம்பிதான்.

"உங்க ரெண்டு பேரையும் முதலாளின்னே போட்டுறவா?"

அண்ணன் என் தாளைப் பார்த்தபடியே, "அவன் வேலையாள் கட்டத்துலயே இருக்கட்டும்" என்றார்.

பக்கத்தில் நின்ற தம்பி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "இம்புட்டு வருசமா வேலையாளாத்தான் இருந்தேனாண்ணே?"

"அந்தப் பிள்ளை கேக்குது, சொல்றேன். இதுக்குப் போய்க் கோவிச்சுக்கிட்டா எப்படி?"

"கோவமெல்லாம் இல்லண்ணே. வாரேன்."

அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர் அந்தக் கடைக்குத் திரும்பவே இல்லை. எழுமலைப் பக்கம் யாரோ ஒருவர் கடையில் சம்பளத்துக்கு நிற்பதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். புரோகிராம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. அண்ணன் என்னை மனதாரப் பாராட்டினார்.

எதையும் பூசி மெழுகாமல் கேட்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றும் கேட்கத்தான் செய்கிறேன். ஆனால் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால், ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துத்தான் கேட்கிறேன்.