லேசான கூடாரம்

மச்சான் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவர் குறட்டை மேல்தான். ராயபுரத்தில் எங்கள் ஒற்றை அறையில், என் மனைவியின் அண்ணனான அவர் படுக்கைக்கும் என் படுக்கைக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. மூன்று நாள் லீவு போட்டு, கடலோரமாகவே பழவேற்காடு வரை தனியாக நடந்துவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். கொஞ்சம் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

"தனியா போய் இன்னா பண்ணப் போறீங்க? அண்ணனையும் இட்டுகினு போங்க" என்றாள் மனைவி. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: ஆளுக்கொரு கூடாரம், நடுவில் நூறு அடி. மச்சான் தலையாட்டினார்.

யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட சாமான்களை வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் விற்றுக்கொண்டிருந்தார். முதுகில் சுமக்கிற மாதிரி லேசாக வேண்டும் என்றேன். நாலைந்து மூட்டைகளை எடுத்துப் போட்டார். நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. மூட்டையைத் தூக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்வதோடு சரி. கட்டை அவிழ்த்தால் வேலை போய்விடும். அதே பழக்கத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கினேன். ஒன்று மட்டும் பூப்போல வந்தது.

"அது ஜோடியா எடுத்தாத்தான் சார் தோதுப்படும்" என்றார் பாய்.

ஒன்று கேட்டால் இரண்டைத் தலையில் கட்டப் பார்க்கிறாரே என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒண்டியா தூங்கத்தான் பாய் வாங்கறேன்" என்றேன். அவர் காசை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மச்சானும் அங்கேயே ஒன்று வாங்கி வந்தார். அவரும் துறைமுகத்துக் குமாஸ்தாதான், பக்கத்து ஷெட்.

எண்ணூர் தாண்டி மணலில் மூட்டையை இறக்கியபோது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நூறு அடி எண்ணி நடந்து போய்க் கட்டை அவிழ்த்தேன். உள்ளே கூடாரத்தின் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. விளிம்பில் வரிசையாகப் பொத்தான்கள். உதறிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், மறு பக்கம் இல்லவே இல்லை. அங்கே மச்சானும் உதறிக்கொண்டிருந்தார். "இதுல பாதிதான் இருக்கு மாப்ளே, ஓரமெல்லாம் பொத்தான் துளை!" என்று அங்கிருந்தே கத்தினார். சிப்பாய்கள் இரண்டு பேர் ஆளுக்குப் பாதி சுமந்து, சேர்த்துக் கட்டிப் படுப்பார்கள் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"பாய் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா மச்சான்?" என்று நானும் கத்தினேன்.

"ஜோடியா எடுன்னாரு மாப்ளே. நம்மகிட்டயே வியாபாரம் பண்றான்னு வந்துட்டேன்."

தூறல் விழுந்தது. அந்த நூறு அடியை மச்சானே நடந்து வந்தார். அவர் துளையைப் பிடித்துக் கொடுக்க, நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தான்களைப் போட்டேன். மழை வலுத்தது. இருட்டுவதற்குள் குறட்டை ஆரம்பமாகிவிட்டது, என் காதுக்குள்ளேயே. வீட்டிலாவது நடுவே ஒரு சாண் இருந்தது.