மீன்பெட்டி மையில் போட்ட கோடு

திலகவதியைப் பற்றி யாராவது "பாவம், நல்ல பொண்ணு" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல பெண்தான், பாவமெல்லாம் இல்லை. ஆலங்குடிப் பக்கம் கடலை போடுகிற வீட்டில் பிறந்தவள். படிக்கப் போகிறேன் என்றதற்கு அப்பாவிடம் மாட்டுக்கயிற்றால் அடி வாங்கினாள். வாங்கிக்கொண்டே படித்தாள். இப்போது புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் மெஷினை இயக்குகிறாள். நான் ரகுநாத், அதே பிரிவில் இயற்பியலாளன். எந்தப் பக்கமிருந்து எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடுவது என் வேலை. சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்தவன், அதை மறுக்கப் போவதில்லை.

எங்கள் வேலையில் தனி ஆள் ராஜ்யம் கிடையாது. ஸ்கேன் படத்தில் டாக்டர் இடத்தை வரைவார். நான் கணக்குப் போடுவேன். குறை கண்டுபிடிப்பதற்கென்றே இன்னொருவர் அதைத் துருவுவார். ஆளில்லாமல் மெஷினை ஓட்டிச் சரிபார்த்த பிறகுதான் நோயாளியை மேசையில் படுக்க வைப்போம். உடம்பில் நாங்கள் மையால் போட்ட கோடுகள் மேல் லேசர் வெளிச்சம் அச்சாக விழ வேண்டும். கோடு அழிந்தால் வந்து சொல்லுங்கள், நீங்களாகக் கை வைக்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்லி அனுப்புவோம்.

ஜெகதாப்பட்டினத்து அழகம்மாளுக்கு இடது மார்பை எடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் நோய் மிச்சம் மீதி இருந்தால் பொசுக்கத்தான் கதிர். அதற்கு அடியில்தான் இதயம் இருக்கிறது. அவள் புருஷன் சேவுகன் விசைப்படகில் போகிறவன். தினமும் பைக்கில் கூட்டிவந்து, வெளியே ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு முறைத்தபடி உட்கார்ந்திருப்பான்.

அன்று லேசர் கோட்டின் மேல் ஒழுங்காகத்தான் விழுந்தது. ஆனால் கோடு கன்னங்கரேலென்று தடியாக இருந்தது. எங்கள் மை அப்படி இருக்காது.

"அக்கா, இது யாரு போட்டது?" என்று திலகவதி கேட்டாள்.

அழகம்மாள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். தோளில் புதிதாகக் கன்றிப்போன தடம் வேறு. திலகவதி கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து படம் எடுத்துப் பார்த்தாள். விலா எலும்புகள் திட்டத்தோடு பொருந்தவில்லை. கோடு நடுநெஞ்சுப் பக்கம் இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது. அப்படியே கொடுத்தால் இதயம் வேகும், வேக வேண்டிய இடம் தப்பிக்கும்.

"இன்னைக்கு வேணாம். மறுபடி ஸ்கேன் எடுத்துட்டு நாளைக்குப் பாப்போம்" என்று சேவுகனிடம் சொன்னாள்.

"ஒரு நாளு தள்ளுனா நான் கடலுக்குப் போறதும் தள்ளிப்போகும். கோடு இருக்குல்ல, லைட்டு விழுகுதுல்ல, கொடுக்க வேண்டியதுதானே?"

"இது எங்க கோடு இல்லண்ணே."

அவ்வளவுதான். அவளைத் தள்ளிக்கொண்டு மெஷினை இயக்கும் மேசைக்கே வந்துவிட்டான். "பட்டன் எதுடி? அமுக்கு." கதவைத் திறந்துவிட்டாலே கதிர் வராது. அவள் அதைச் செய்யவில்லை, அதற்கு நேரமும் இல்லை. மேசையிலிருந்த சாவியைப் பிடுங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். சாவி இல்லாமல் மெஷின் அசையாது. சேவுகன் ஹெல்மெட்டை வீசி அவள் முகத்தில் அடித்தான். கன்னம் கிழிந்து ரத்தம் கீபோர்டில் சொட்டியது. மறுபடி அடித்தான். கீழே விழுந்தவளின் கையை முழங்காலால் அழுத்தி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சுண்டுவிரல் முறிந்த சத்தம் பக்கத்து அறையில் இருந்த எனக்கே கேட்டது. ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன். என் மூக்கிலும் ஒரு குத்து விட்டான். நானும் சும்மா இருக்கவில்லை, நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். செக்யூரிட்டி வந்து அமுக்கிப் பிடித்தபோதும் சாவி அவள் கையில்தான் இருந்தது.

அழகம்மாள் துண்டைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தாள். குளிக்கையில் கோடு அழிந்துவிட்டதாம். அதற்காக அடித்தானாம். பிறகு மீன்பெட்டியில் படகின் பேர் எழுதுகிற மார்க்கரால் அவனே போட்டுவிட்டானாம். அழிந்துபோனால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று பயமாம்.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா இன்னும் அடிப்பாக."

நான் போலீசுக்குப் போனைப் போட்டேன். திலகவதி என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தாள்.

"அந்தாளை உள்ள வச்சா இந்தக்காவ யாரு சார் கூட்டியாருவா? பாதியில விட்டா நோய்க்குத்தான் கொண்டாட்டம். முடியட்டும்."

அவளிடம் கத்தினேன். அவள் கேட்கவில்லை. கன்னத்தில் தையலும் விரலில் கட்டுமாக மறுநாளே வந்தாள். புது ஸ்கேன், புதுக் கணக்கு, புதுக் கோடு. சேவுகன் கடலுக்குப் போகவில்லை. வாசலைத் தாண்டி அவனை உள்ளே விடவும் இல்லை. தினமும் அவள் கன்னத்தைப் பார்ப்பான், தலையைக் குனிந்துகொள்வான். எனக்கு அதில் துளி இரக்கமும் வரவில்லை.

கடைசி நாள் கதிர் முடிந்தது. திலகவதி ஸ்கூட்டியை வெளியே எடுத்து, பைக் பக்கத்தில் நின்ற சேவுகன் முன்னால் நிறுத்தினாள்.

"அண்ணே, ட்ரீட்மெண்டு முடிஞ்சிருச்சு. இப்ப ஸ்டேசனுக்குப் போறேன், உங்க மேல கம்ப்ளைன்ட் குடுக்க."

அவன் முகம் வெளிறியது. "அழகு, நீ சொல்லு அவுககிட்ட" என்று மனைவியைப் பார்த்தான்.

அழகம்மாள் பைக்கைச் சுற்றிக்கொண்டு வந்தாள். புடவையை இழுத்துச் செருகி, ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நானும் வாரேன் தங்கச்சி. எனக்கும் எழுதிக் குடுக்க வேண்டியது இருக்கு."